மூன்று மணி வரை மௌனம்

எங்கள் அலுவலகச் சுவர்க் கடிகாரம் ஆறு நிமிடம் பின்னால் ஓடும். நியூயார்க்கில், நாற்பத்தைந்தாம் தெருவில், சலவைக் கடைக்கு மேலே மூன்றே அறைகளில் குடியிருக்கும் ஒரு நாட்டுக்கு அது போதும் என்பார் எங்கள் தூதர் லஹாய் ஐயா. "உலகம் நம்மள எப்பவும் லேட்டாத்தானே பாக்குது. நாமளும் லேட்டாவே இருந்துட்டுப் போவோம், விடும்மா" என்று சிரிப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த ஒன்பது வருடத்தில் நாலு தடவை அதைத் திருத்த நாற்காலி போட்டு ஏறினேன். நாலு தடவையும் இறக்கிவிட்டார். எனக்கோ நேரம் தவறினால் உடம்பெல்லாம் பற்றி எரியும். இந்த ஒன்பது வருடத்தில் ஒரு கடிதத்தைக்கூட நான் கெடு தாண்டி அனுப்பியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எங்கள் நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் "அது எங்கே இருக்கு?" என்றுதான் கேட்பீர்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளுக்கு நிரந்தர நாற்காலி இருப்பது ஊருக்கே தெரியும். ஐவரில் ஒருவர் 'கூடாது' என்று கை தூக்கினால் மற்றவர் எல்லாம் வீட்டுக்குப் போகலாம். அதற்கு வீட்டோ என்று பெயர். ஐம்பத்து நாலு நாடுகள் உள்ள எங்கள் கண்டத்துக்கு அங்கே ஒரு நிரந்தர நாற்காலிகூடக் கிடையாது. எங்கள் ஊரில் நடக்கும் கொலைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும், மேஜையின் கடைசியில் விருந்தாளிக்குப் போடுகிற நாற்காலியைப் போடுவார்கள். எல்லோரும் பேசி முடித்தபின் நாங்கள் பேசலாம். வாக்குப் போட முடியாது.

அப்படி ஒரு நாற்காலியில், இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், லஹாய் ஐயா உட்கார்ந்தார். அப்போது அவர் சின்ன அதிகாரி. எங்கள் ஊர் கெலேமாவைக் கலகக்காரர்கள் சுற்றி வளைத்திருந்தார்கள். அமைதிப்படை அனுப்பச் சொல்லித் தீர்மானம் வந்தது. பதினைந்து பேரில் பதினாலு கைகள் ஆதரவாக உயர்ந்தன, ஒரு கை எதிராக. அவ்வளவுதான், கதை முடிந்தது. மூன்றாம் நாள் கெலேமா எரிந்தது. பள்ளிக்கூடத்துக்குள்ளே என் அப்பாவும் என் அண்ணன் ஷேக்குவும் இருந்தார்கள். எனக்குப் பதினோரு வயது, ஆற்றங்கரையில் பனை மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

வளர்ந்தபின், நூலகத்தில் அந்தக் கூட்டத்தின் பதிவைத் தேடிப் படித்தேன். எங்கள் ஊருக்கு அரைப் பக்கம். கடைசியில் பேசியவர் பெயர் லஹாய் போண்டோ என்றிருந்தது. அவர் கெலேமாவின் தெருப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்திருந்தார். எங்கள் தெருப் பெயரும் அதில் இருந்தது. வேலை பார்த்தால் இந்த மனிதரிடம்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாசகத்தை எழுதி எல்லா நாடுகளுக்கும் அனுப்பி, 'இன்ன நாள், இன்ன மணி வரை மௌனம்' என்று அறிவிப்பார்கள். அந்த மணி வரை யாரும் வாயைத் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று கணக்கு. ஒரே ஒரு நாடு 'எங்களுக்குச் சம்மதமில்லை' என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டால் போதும், அத்தனையும் குப்பைக்குப் போகும். மௌனத்தை உடைப்பது என்போம். உடைத்தது யார் என்று வெளியே சொல்வதில்லை. கடிதம் போகிற இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

அந்த வருடம் மார்ச் மாதம் மௌனத்துக்கு வந்த வாசகம் எங்கள் நாற்காலியைப் பற்றியது. ஆப்பிரிக்காவுக்கு இரண்டு நிரந்தர இடங்கள். வீட்டோவைப் பற்றிப் பதினைந்து வருடம் கழித்துப் பேசுவது. வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி வரை மௌனம். அது தாண்டிவிட்டால் வாசகம் பொதுச்சபை வாக்கெடுப்புக்குப் போகும். இத்தனை வருடப் பேச்சில் அதுவரை எந்தக் காகிதமும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அதை எழுதியவள் என் சிநேகிதி தியாமிகே. தெற்கே ஓர் ஏரி நாட்டுக்காரி. அவளுடைய தூதர்தான் அந்தப் பேச்சுவார்த்தைக்குத் தலைவர். தலைவருக்குக் கைதட்டல், இவளுக்கு முதுகுவலி. பதினோரு மாதம் ஒவ்வொரு தூதரகமாக ஏறி இறங்கி, ஒருவன் 'காற்புள்ளியை எடு' என்றால் எடுத்து, இன்னொருவன் 'போடு' என்றால் போட்டு எழுதினாள்.

வியாழன் காலை பதினோரு மணிக்குத் தலைநகரிலிருந்து தொலைபேசி வந்தது. பத்து நிமிடம் கழித்து லஹாய் ஐயா என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனால் பிரிமா ஏற்கெனவே சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பிரிமா மூன்றாம் செயலாளர், அமைச்சருடைய அக்கா மகன். இங்கே நாங்கள் தும்மினால் அங்கே அமைச்சர் கைக்குட்டை எடுப்பார். அப்படி ஒரு பையன்.

"மௌனத்தை உடைக்கச் சொல்லி உத்தரவும்மா" என்றார் ஐயா.

"எந்த மௌனத்த ஐயா?"

"இன்னைக்கு வேற எது இருக்கு?"

"நம்ம நாற்காலிய நாமளே ஒடைக்கிறதா? எதுக்கு?"

பிரிமா முந்திக்கொண்டான். "கொள்கை, அக்கா. வீட்டோ இல்லாத நாற்காலி நமக்கெதுக்கு? நின்னுக்கிட்டே இருக்கலாமே. ஆப்பிரிக்காவோட மானம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மானமா? போன வாரம் நீதானே சொன்ன, அந்த அஞ்சு பேர்ல ஒரு பெரிய நாடு நமக்குத் துறைமுகம் கட்டித் தருதுன்னு?"

"அது வேற, இது வேறக்கா."

"ஆமாமா, ரொம்ப வேற."

அதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். ஐவரில் ஒருவருக்கு இந்த வாசகம் பிடிக்காவிட்டால் தன் கையால் உடைக்க மாட்டார். பழி வரும். எங்களைப் போல ஒரு ஏழையின் கையால் உடைப்பார். பழியும் எங்களுக்கு, 'பாருங்கள், ஆப்பிரிக்கர்களுக்கே ஒற்றுமையில்லை' என்ற பேச்சும் எங்களுக்கு.

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகத் துடைத்தபின் மறுபடியும் துடைத்தார். "பைந்து, நல்லாக் கேட்டுக்கோ. கடிதத்தத் தயார் பண்ணி வெச்சுக்கோ. ஆனா முன்னாடியே அனுப்பாத. வேற யாராவது ஒடைக்கிறாங்களான்னு பாப்போம், நம்ம கை கறையாகாமப் போகட்டும். யாரும் ஒடைக்கலேன்னா, நம்ம ஆபீஸ் கடிகாரத்துல ரெண்டு அம்பத்தெட்டு ஆனதும் அனுப்பு. புரியுதா? நம்ம ஆபீஸ் கடிகாரத்துல."

"சரிங்கய்யா."

"முன்னாடி வேண்டாம்."

"சரிங்கய்யா."

வெளியே வந்தேன். மனசு கொதித்த கொதிப்பில் கடிகாரமாவது ஒன்றாவது.

பன்னிரண்டரைக்குத் தியாமிகே சாப்பிடக் கூப்பிட்டாள். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் சந்தேகப்படுவாள் என்று போனேன். பாருங்கள், அதற்குள் கள்ளத்தனம் வந்துவிட்டது. நான் கொண்டுபோன மரவள்ளிக் கீரையும் சோறும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றாள்.

"ஏண்டி திங்காம உக்காந்திருக்க? எனக்குத்தான் வயித்தக் கலக்கணும். உனக்கென்ன?"

"ராத்திரி சரியாத் தூக்கமில்ல."

"எனக்கு மூணு நாளா இல்ல. கேளு, கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். மொறச்சுக்கிட்டு இருக்கற நாடு ஒரு எட்டு இருக்கும். எட்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குது. 'நீ ஒடை, நீ ஒடை'ன்னு. எவனுக்கும் தைரியமில்ல. மூணு மணி வரைக்கும் இப்படியே பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு நின்னாங்கன்னா நாம ஜெயிச்சோம்."

"யாராவது கடைசி நிமிஷத்துல அனுப்பிட்டா?"

"அனுப்பட்டும். கடிதம் வர்ற பெட்டிய நான்தான் தொறந்து வெச்சு உக்காந்திருக்கப் போறேன். எவன் பேரு வருதோ அவன் மூஞ்சியச் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்." சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பா பேர மனசுல வெச்சுத்தாண்டி ரெண்டாவது பத்திய எழுதினேன். அந்தப் பதிவ எனக்குப் படிச்சுக் காட்டினியே, ஞாபகமிருக்கா? உலகத்துக்குத் தெரியாது. உனக்குத் தெரிஞ்சாப் போதும்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? 'உன் வாசகத்தை உடைக்கப் போவது நான்தான்' என்றா? எங்கள் தொழிலில் உத்தரவை வெளியே சொன்னால் வேலை போவது மட்டுமில்லை, வழக்கும் வரும். தண்ணீரைக் குடித்து வாயை மூடிக்கொண்டேன்.

அலுவலகம் திரும்பியபோது என் கைபேசியில் ஒன்று நாற்பது. கடிதத்தைத் தட்டினேன். 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, எங்கள் தூதுக்குழுவால் தற்போதைய வடிவிலான வாசகத்துடன் உடன்பட இயலாது.' ஒரே வரி. அப்பாவையும் அண்ணனையும் கொன்ற அந்தக் கை இப்போது என் மணிக்கட்டில் முளைத்திருந்தது. எனக்கு அப்படித்தான் பட்டது, மிகையில்லை.

இரண்டரையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ஒரு தீவு நாட்டுக்காரர் கேட்டார்: "என்னம்மா, ஒடஞ்சிடுச்சா?" தெரியாது என்றேன். அவருக்குப் பின் ஒரு மலை நாட்டுக்காரி, சுற்றி வளைத்து: "நீங்க ஏதாவது எழுதறதா இருக்கீங்களா?" "நீங்க?" என்று கேட்டேன். "நாங்களா? ஐயோ, நாங்க சும்மா விசாரிச்சோம்" என்று வைத்துவிட்டாள். தியாமிகே சொன்னது சரி. எட்டுப் பேரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

இரண்டே முக்காலுக்கு எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அனுப்பாமலே இருந்துவிட்டால்? கணினி நின்றுவிட்டது, இணையம் போய்விட்டது, ஏதோ ஒன்று. என்னை வேலையை விட்டுத் தூக்குவார்கள். தூக்கட்டும். கெலேமாவில் பிழைத்தவள் இதில் பிழைக்க மாட்டேனா?

அப்புறம் ஐயாவின் அறைக் கதவைப் பார்த்தேன். ஜூன் மாதம் அவருக்கு ஓய்வு. நாற்பது வருட வேலை. ஓய்வூதியத்தை நம்பி ஊரில் கடலைப் பார்த்து ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டிருந்தார், கதவுக்கு நீல வண்ணமா பச்சையா என்று என்னிடம் வாரம் ஒரு முறை கேட்பார். நான் அனுப்பாவிட்டால் முதல் அடி அவர் தலையில் விழும். பிரிமா சாயங்காலமே மாமாவுக்குச் சொல்லிவிடுவான். 'தூதர் உத்தரவை மீறினார்' என்று நாற்பது வருடத்தைக் கிழித்துப் போடுவார்கள். எங்கள் தெருப் பெயரை உலகத்துக்கு வாசித்த ஒரே மனிதரை நானா தெருவில் நிறுத்துவது? என்னால் முடியாது என்று அழுகை வந்தது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. பிரிமா தன் மேஜையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா சொன்னது அந்தக் கடிகாரத்துல அம்பத்தெட்டு, அக்கா. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு" என்றான். அவன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கடிகாரம் பொய் சொல்வது அவனுக்குத் தெரியாது.

கைபேசியைப் பார்த்தேன். இரண்டு ஐம்பத்தாறு. அடக் கடவுளே, ஐயா பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இந்தப் பாழாய்ப் போன கடிகாரத்தை நம்பினால் கெடு தாண்டிவிடும், பாவம் மனிதர் மாட்டிக்கொள்வார். நான் இருக்கிறேனே, என் கையில் கெடு தவறுமா? நான் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே, சத்தியமாக அப்படி நினைத்துக்கொண்டே, பொத்தானை அழுத்தினேன். போன நேரம் இரண்டு ஐம்பத்தேழு.

மூன்று நாலுக்கு எல்லா நாடுகளுக்கும் தலைவரின் கடிதம் வந்தது. 'ஒரு தூதுக்குழு மௌனத்தை உடைத்துள்ளது. வாசகம் திரும்பப் பெறப்படுகிறது.'

ஒரு தூதுக்குழு. எட்டு இல்லை, இரண்டுகூட இல்லை. கேட்டுச் சலித்த அந்த எட்டுப் பேரில் ஒருவரும் அனுப்பவில்லை. நான் அனுப்பாமலிருந்தால் வாசகம் தேறியிருக்கும்.

அப்போதுதான் ஐயா அறையிலிருந்து வந்தார். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். சரியாக இரண்டு ஐம்பத்தெட்டு.

"அனுப்பலாம்மா இப்ப" என்றார், பிரிமாவுக்குக் கேட்கிறபடி சத்தமாக.

"அப்பவே அனுப்பிட்டேன் ஐயா. அந்தக் கடிகாரம் ஆறு நிமிஷம் பின்னாடியில்ல? நீங்க மறந்துட்டீங்க. மூணுக்கு மூணு நிமிஷம் இருக்கையில போயிடுச்சு."

ஐயா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கெட்டிக்காரி" என்றார்.

பிரிமா எழுந்தான். "நல்ல காரியம்க்கா. மாமாகிட்ட உங்க பேரச் சொல்றேன்" என்று கைபேசியோடு வெளியே போனான்.

ஐயா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அவர் கையெழுத்து, அன்றைய தேதி. 'மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு. அலுவலகக் கடிகாரம் பின்னால் ஓடியதை நான் கவனிக்கவில்லை. நமது கடிதம் கெடு முடிந்தபின் சென்றது. என் அதிகாரி என் சொற்படியே செய்தார். முழுப் பொறுப்பும் என்னுடையது.'

இரண்டாம் முறை படிக்கும்போது எழுத்துகள் கலங்கின.

"எங்கிட்ட ஏன் ஐயா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவன் உக்காந்திருந்தானேம்மா. அதோட, சொல்லியிருந்தா நீயும் கூட்டுக் களவாணி. தெரியாமச் செஞ்சா நீ உத்தரவக் கேட்டவ, அவ்ளோதான். ரெண்டு தடவ சொன்னேன், 'நம்ம ஆபீஸ் கடிகாரம்'னு. ஒம்பது வருஷமா அதத் திருத்தணும்னு சண்ட போடற பொண்ணு, உனக்குப் புரியாதான்னு நெனச்சேன்."

"உங்கள வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"ஜூன்ல போறவன் ஏப்ரல்ல போயிருப்பேன். பென்ஷன்ல கை வெச்சா கதவுக்கு வண்ணமடிக்க மாட்டேன், அவ்ளோதானே?"

"நான் உங்களக் காப்பாத்தணும்னுதான் ஐயா..."

"தெரியும்மா." தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இருபத்தாறு வருஷமா அந்த ஒரு கைய நெனச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு தடவையாவது அத ஏமாத்திப் பாக்கலாம்னு தோணுச்சு." என்னை வெளியே அனுப்பினார். சாயங்காலம் வரை கதவைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை நான் எட்டரைக்கு வந்தபோது கடிகாரம் சரியான நேரம் காட்டியது. அதன் கீழே நாற்காலி கிடந்தது. இருக்கையில் அவருடைய செருப்புத் தடம். அந்த நாற்காலியை எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

பத்து மணிக்கு ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் கூட்டம். நீண்ட நடைபாதையின் மறுமுனையிலிருந்து தியாமிகே கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னோடு ஒரு பெரிய நாட்டுக்காரரும் நடந்துகொண்டிருந்தார். "யார் உடைத்தார்களாம், ஏதாவது தெரியுமா?" என்று அவர் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தியாமிகே அதைக் கேட்டாள். நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அந்தக் கட்டடத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஏதாவது சொல்லித் தொலையேன், கத்தேன், அடியேன் என்று என் உள்ளே கெஞ்சியது.

"பேர் வெளிய சொல்றதில்லைங்க. அது எங்க மரியாத" என்றாள் அவரிடம்.

அவர் முன்னே நகர்ந்தபின் என் பக்கம் திரும்பினாள். ஏழு வருடம் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றவள், லேசாகக் குனிந்து கை நீட்டினாள்.

"வணக்கம் மேடம். உங்க கடிதம் கெடுவுக்குள்ள கெடச்சது."